எசமான் வாடை

நாய் விற்கிறவன் பேச்சை நம்பக் கூடாது. இதுதான் சின்னவரின் கட்சி. கத்தரிக்காய் விற்கிறவன் ஏமாற்றினால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு போச்சு. நாய் விற்கிறவன் ஏமாற்றினால் அந்த ஏமாற்று நாலு காலோடு நம் வாசலில் வருஷக்கணக்கில் படுத்திருக்கும். அதற்குச் சோறும் நாமே போட வேண்டும்.

சின்னவர் என்றால் ஏதோ வாலிபன் என்று நினைக்க வேண்டாம். தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது. அண்ணன் பெரியவர், தம்பி சின்னவர், அவ்வளவுதான். இரண்டு பேருமாக நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய கதவுக் கடை வைத்திருந்தார்கள். இடிக்கிற வீடுகளுக்குப் போய்க் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் விலை பேசி ஏற்றி வந்து, ஆணி பிடுங்கி, இழைத்து விற்கிற தொழில். மதில் வைத்த பெரிய மனை. உள்ளே கதவுகள் வரிசை வரிசையாகச் சாய்ந்து நிற்கும். நடுவில் சந்து மாதிரி வழி. எந்தக் கதவைத் திறந்தாலும் பின்னால் இன்னொரு கதவுதான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சந்துகளுக்குள் போனதும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

மனையின் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. பெரியவருக்கு அதுதான் வீடு. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாத மனுஷன். ராத்திரிக் காவலும் அவரே. சாயங்காலம் வெயில் தணிந்ததும் ஒரு சுற்று வருவார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்து, ஒவ்வொரு கதவிலும் விரல் முட்டியால் ரெண்டு தட்டு. பூச்சி அரித்த கதவு பொத்தென்று சத்தம் கொடுக்கும், நல்ல கதவு டங்கென்று பேசும். அதைக் கேட்டுக்கொண்டே போவார். யார் கூப்பிட்டாலும் சுற்று முடியாமல் திரும்ப மாட்டார்.

போன மழைக்காலத்தில் கொட்டகைப் பெஞ்சில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. வியாதி வெக்கை ஒன்றும் இல்லை. போய்விட்டார்.

திருட்டு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. முதலில் பித்தளைக் கைப்பிடிகள். பிறகு தாழ்ப்பாள், கீல். ஒரு நாள் ஒரு முழுக் கதவே காணோம். காவலுக்கு ஒரு ஆளைப் போட்டார் சின்னவர். அந்த ஆள் ஒரு மூட்டைப் பித்தளையோடு போனான், சம்பளம் வாங்கக் கூட வரவில்லை.

"முதலாளி, கதவையே திருடறான்னா நாம எதை வச்சுப் பூட்டறது?" என்றான் ஆணி.

ஆணி கடை ஆள். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து பழைய மரத்தில் ஆணி பிடுங்குவான். அதனால் அந்தப் பேர். சொந்தப் பேரைக் கேட்டால் அவனே கொஞ்சம் யோசிப்பான்.

"நாய் வாங்குங்க," என்றாள் சின்னவரின் மனைவி. "மனுஷனை நம்பிப் பார்த்தாச்சுல்ல?"

"நாயை மட்டும் நம்பச் சொல்றியாடி?"

"உங்களுக்கு உங்க நிழலையே நம்ப முடியாது. அதுக்காக நிழல் இல்லாம நடக்க முடியுமா? போய் வாங்கிட்டு வாங்க."

நாய்க்காரர் வீடு ஊரைத் தாண்டி இருந்தது. சிமெண்டுத் தரை, கம்பிக் கூண்டுகள், கழுவிவிட்ட ஈரம். இத்தனை நாய்கள் இருக்கிற இடத்தில் காது கிழியக் குரைப்புச் சத்தம் கேட்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கூண்டுக்குள்ளிருந்து கண்கள் மட்டும் ஆளோடு கூடவே நகர்ந்தன. சின்னவருக்கு அங்கேயே பிடிக்கவில்லை.

நாய்க்காரர் மெலிந்த ஆள். சாவகாசமாகப் பேசினார்.

"ஏங்க, ஒண்ணும் குரைக்கலையே?" என்றார் சின்னவர்.

"குரைக்கிற நாய் வேணும்னா தெருவுல நிறையக் கிடக்கு. ஒரு பிஸ்கட் போதும், பின்னாடியே வரும். குரைக்கிறது பயந்த நாய். இது அப்படி இல்ல."

"விலை?"

நாய்க்காரர் சொன்ன விலையைக் கேட்டு சின்னவர் எழுந்தே விட்டார். "நாய்தானே கேட்டேன், யானையா கேட்டேன்?"

"நகைக்கடைக்காரர் ஒருத்தர் இதைவிட அதிகம் குடுத்து வாங்கிட்டுப் போனார். நல்ல நாய்க்கு விலைன்னு ஒண்ணு கிடையாது பெரியவரே. எதைக் காப்பாத்தணும்னு வர்றீங்களோ, அதுல ஒரு துண்டைக் குடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான்."

"நான் பெரியவர் இல்ல. சின்னவர்," என்றார் இவர் வெடுக்கென்று.

மூக்கால் அழுது பேரம் பேசிக் கடைசியில் கொஞ்சம் கைப்பணம், மீதிக்கு ஒரு ஜோடித் தேக்குக் கதவு என்று படிந்தது. கடையிலேயே நல்ல ஜோடி அது. கொடுக்க வயிறு எரிந்தது.

"இன்னொண்ணு," என்றார் நாய்க்காரர். "உங்க சட்டை ஒண்ணு வேணும். துவைக்காத சட்டை. நீங்க போட்டுப் போட்டுப் பழசானது. அந்த வாடையை வச்சுத்தான் எசமான் யாருன்னு நாயைப் பழக்குவேன். ஒரு மாசம் அது அந்தச் சட்டை மேலயே படுக்கும், அதுலயே சாப்பிடும். அப்புறம் அந்த வாடைக்காரரைத் தவிர உலகத்துல யார் சொன்னாலும் கேக்காது."

சின்னவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வழியெல்லாம் யோசனை. கதவும் வாங்கிக்கொண்டு, காசும் வாங்கிக்கொண்டு, உடுத்தின சட்டையையும் கேட்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கிறது. தன் வியர்வை ஊறின துணி ஒரு முன்பின் தெரியாத ஆள் கையில் ஒரு மாசம் கிடப்பதா? அதை வைத்து என்னென்ன செய்வானோ. சின்னவர் தன் தலைமுடியை வெட்டினால் கூடக் கீழே விழுந்ததைக் கூட்டி எடுத்துவரும் ரகம்.

கடைக்கு வந்தார். கொட்டகைக்குள் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் பெரியவரின் சட்டைகள் அப்படியே தொங்கின. புகையிலை, மரத்தூள், மூட்டுவலித் தைலம் எல்லாம் கலந்த வாடை. ஒன்றை உருவிக் காகிதத்தில் சுற்றினார்.

"முதலாளி, அது பெரியவரோடது," என்றான் ஆணி.

"தெரியும். அண்ணன் தம்பி வாடை ஒண்ணாத்தானே இருக்கும். அப்படியே அவன் எதாவது கோல்மால் பண்ணினாலும், செத்தவனை யாரு என்ன பண்ண முடியும்?"

தன் சாமர்த்தியத்தை நினைத்து சின்னவருக்கே சிரிப்பு வந்தது.

நாய் வந்தது. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். குட்டை முடி, மஞ்சள் கண்ணு. விலையைக் கேட்ட மனைவி நெஞ்சில் கை வைத்தாள். "அந்தக் காசுக்கு நானே கேட்ல உக்காந்து குரைச்சிருப்பேனே!"

"நீ குரைக்கிறதுதான் தினமும் கேக்கறேனே. ஒருத்தனும் பயப்படலையே."

நாய்க்காரர் சொன்னபடி முதல் சோற்றை சின்னவரே வைத்தார். நாய் சட்டியைப் பார்க்கவில்லை. அவர் அருகே வந்து கணுக்காலை மோந்தது. முழங்கை, விரல் எல்லாம் மோந்தது. பிறகு தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. ஏதோ பாதி சரி, பாதி சரியில்லை என்பது போல ஒரு பார்வை. அப்புறம் அவரைத் தாண்டிப் போய்க் கொட்டகை வாசலில் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து ஒரு குண்டூசி கூடத் திருட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மதில் ஓரம் ஒரு நாள் காலையில் கிழிந்த கால்சட்டைத் துணியும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. யாருடையது என்று கேட்டு யாரும் வரவில்லை. சின்னவர் அந்தச் செருப்பை வாசலில் ஆணியடித்து மாட்டினார். பக்கத்து டயர்க்கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு, "நாய்னா இது நாய்!" என்று போனான்.

ஆனால் நாய் சின்னவரைச் சட்டை செய்யவில்லை. கூப்பிட்டால் வராது. வா, போ, உட்கார் என்று தொண்டை கிழியக் கத்தினாலும் கல்லாக இருக்கும். கொட்டகைக்குள் அவர் கால் வைத்தால் பல் தெரியும். பெரியவர் உட்கார்கிற மர நாற்காலியில் ஒரு நாள் அவர் உட்காரப் போனார். நாய் எழுந்து வந்து நடுவில் நின்றது. உறுமக் கூட இல்லை. நின்றது. சின்னவர் கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி மேல் போய் உட்கார்ந்தார், தன் சொந்தக் கடையில்.

"முதலாளி, அது உங்களைத்தான் நாய்னு நெனைச்சிருக்கு போல," என்றான் ஆணி.

"வேலையைப் பாருடா."

சாயங்காலங்கள்தான் சரியில்லை. வெயில் தணிந்ததும் நாய் எழுந்து நிற்கும். கொட்டகை வாசலைப் பார்த்து வாலை ஒரு தரம் ஆட்டும். பிறகு முதல் வரிசைக்குப் போகும், மெதுவாக, யாருக்கோ இடது பக்கமாக ஒதுங்கி நடக்கிற மாதிரி. முதல் கதவு முன்னால் நிற்கும். ரெண்டு தட்டுத் தட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்கும். அப்புறம் அடுத்த கதவு. நிற்கும். அடுத்தது. கடைசி வரிசை முடிகிற வரைக்கும் ஒரு கதவைத் தாண்டாது.

முதல் தரம் இதைப் பார்த்தபோது ஆணி கையிலிருந்த குறடைக் கீழே வைத்தான். அதற்கப்புறம் வெயில் தணிகிறதுக்கு முன்னாலேயே எதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவான்.

சின்னவர் நாய்க்காரரிடம் போய்க் கத்தினார். "என்னய்யா நாய் வித்திருக்கே? வித்தவனே வச்சுக்க. என் கதவைக் குடு."

நாய்க்காரர் எல்லாவற்றையும் கேட்டார். "நீங்க குடுத்தது யாரோட சட்டை?"

சின்னவர் கொஞ்சம் மென்று விழுங்கினார். "என் அண்ணனோடது."

"அப்படிச் சொல்லுங்க. அப்ப அண்ணனை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. அவர் கையால உங்க கையில கயித்தைக் குடுத்தா முடிஞ்சுது."

"அவன் செத்துப் போயிட்டான்."

நாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். கூண்டுகளில் கண்கள் அசையாமல் இருந்தன.

"நாய்க்கு அது தெரியாதே," என்றார் அவர். "அதுக்குத் தெரிஞ்சது வாடை ஒண்ணுதான். வாடை அங்க இருக்கு. அப்ப ஆளும் அங்கதான் இருக்கார்."

"திருப்பி எடுத்துக்கய்யா!"

"நான் கூப்பிட்டா வராது. எசமான் போன்னு சொன்னாத்தான் அது அந்த எடத்தை விடும். ஒரு வழி இருக்கு. அண்ணனோட துணி மிச்சம் இருந்தா நீங்க போட்டுக்குங்க. தினமும் போடுங்க. உங்க வாடை கொஞ்சம் கொஞ்சமா அதுல ஏறும். நாய் தானா உங்களுக்கு மாறிடும். பழக்கம்தானே? பழக்கினா எதுவும் மாறும்."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி முகத்தைச் சுளித்தாள். "செத்தவர் சட்டையையா? துவைச்சாவது போடுங்க."

"துவைச்சா வாடை போயிடும்டி. அப்புறம் எதுக்கு?"

மறுநாள் காலையில் நாய் கேட் பக்கம் போயிருந்த நேரமாகப் பார்த்து சின்னவர் கொட்டகைக்குள் நுழைந்து ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். தோள் கொஞ்சம் பெரிது. கை நீளம். வெளியே வந்தார்.

நாய் திரும்பிப் பார்த்தது. ஓடி வந்தது. சின்னவர் கண்ணை மூடிக்கொண்டார். கடிக்கவில்லை. இடது முழங்காலில் மெத்தென்று ஏதோ சாய்ந்தது. கண்ணைத் திறந்தால் நாய் தலையை அவர் காலில் சாய்த்து நின்றுகொண்டிருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது அதற்கு. அத்தனை நாள் காத்திருந்து காத்திருந்து கிடைத்தவரிடம் சாய்கிற மாதிரி.

உள்ளதைச் சொன்னால், சின்னவர் வந்தார் என்று இப்படி யாரும் சந்தோஷப்பட்டதில்லை. கடையில் முதலாளி வந்தால் ஆள் முகம் சுண்டும். வீட்டில் புருஷன் வந்தால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கூடும். இது ஒன்றுதான் நடுங்கிப் போய் நின்றது. அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"பார்த்தியாடா?" என்றார் ஆணியிடம்.

"பார்த்தேன்," என்றான் ஆணி. மறுபடி ஆணி பிடுங்கக் குனிந்துகொண்டான்.

ஆனால் சட்டை மட்டும் போதவில்லை. சின்னவர் எப்போதும் வேக நடை. அப்படி நடந்தால் நாய் நின்றுவிடும், தலையைச் சாய்த்துச் சந்தேகமாகப் பார்க்கும். மெதுவாக, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தால் கூடவே வரும். அதட்டிப் பேசினால் காது பின்னால் படியும். பெரியவர் ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் எதையும் பேசுவார். சின்னவரும் ஒரு இருமல் இருமிப் பார்த்தார். நாய் சொன்னபடி கேட்டது. சரி, நாய்க்காகத்தானே, கொஞ்ச நாள்தானே என்று நடந்தார், இருமினார். சாயங்காலம் கதவுகளைத் தட்டிக்கொண்டு போனார். அவர் தட்டுகிற வரை நாய் நின்று, தட்டியதும் நகர்ந்தது. முன்பு ஆளில்லாமல் நடந்த சுற்றுக்கு இப்போது ஒரு ஆள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். பயப்பட என்ன இருக்கிறது என்று சின்னவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

நாற்காலி கிடைத்தது. கொட்டகை கிடைத்தது. நாய் காலடியில் கிடந்தது. ஒரு தச்சர் வந்து வேப்பங்கதவு ஒன்றைக் கேட்டார். சின்னவர் ரெண்டு தட்டுத் தட்டினார். "வேணாம், உள்ள பூச்சி இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவருக்கு அந்தச் சத்த வித்தை பிடிபட்டதே இல்லை. வாழ்நாள் முழுக்க அண்ணன் சொல்லித்தான் தெரியும். தச்சர் போன பிறகு கதவை உளி வைத்துக் கிளறிப் பார்த்தார்கள். பொலபொலவென்று மாவாகக் கொட்டியது.

ஆணி அவர் முகத்தைப் பார்க்காமல், "டீ சொல்லட்டுமா பெரியவரே?" என்றான்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். சின்னவர் திட்டவில்லை. அதுதான் ஆணிக்கு ரொம்பப் பயமாக இருந்தது. நாக்குத் தவறினதற்குத் திட்டு வரும் என்று காத்திருந்தான். "சொல்லு," என்றுதான் பதில் வந்தது.

வீட்டில் மனைவி கவனித்துக்கொண்டேதான் இருந்தாள். காபியைத் தட்டில் ஊற்றி ஊதிக் குடிக்கிறார். கூடத்தில் சாப்பிட உட்காராமல் வாசல்படியோரம் தட்டை வாங்கிக்கொண்டு போகிறார், விருந்தாளி மாதிரி. முழங்காலுக்குத் தைலம் கேட்கிறார்.

"எப்பத்துலேர்ந்து உங்களுக்கு முட்டி வலி?"

"ரொம்ப நாளா இருக்கே."

"உங்க அண்ணனுக்குத்தான் ரொம்ப நாளா இருந்துச்சு."

சின்னவர் ஒரு இருமல் இருமினார்.

அப்புறம் ராத்திரிகளிலும் கடையிலேயே தங்க ஆரம்பித்தார். நாய் தனியாக இருந்தால் ஒரு மாதிரி ஊளையிடுகிறது என்றார். அந்த நாய் வந்ததிலிருந்து ஒரு சத்தமும் போட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள். நாய் கேட்டில் நின்று மறித்தது. இவர் வந்து இருமிய பிறகுதான் விலகியது.

அவள் சாப்பாட்டை வைக்கவில்லை. நின்றபடியே பேசினாள்.

"இங்க பாருங்க. உங்க அண்ணன் நல்ல மனுஷன். நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா அவர் போயாச்சு. இப்ப நீங்க அவராயிட்டீங்கன்னா, என் புருஷன் எங்க போனான்? அதை யார்கிட்ட போய்க் கேக்கறது? நாய்க்காரன்கிட்டயா?"

"ஒளறாதே."

"நான் ஒளறலை. என்னை ஏண்டின்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிச்சலா வரும் எனக்கு. இப்ப அதைக் கேக்காம தூக்கம் வரலை."

சின்னவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிஜம்தான். அவர் யோசித்துப் பார்த்தார். அவளை எப்படிக் கூப்பிடுவது என்று சில நாளாகவே ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. அதனால் கூப்பிடாமலேயே இருந்திருக்கிறார். தன் முழங்கையைத் தூக்கி மோந்து பார்த்தார். புகையிலை, தைலம். அவர் வாழ்க்கையில் புகையிலை போட்டதில்லை. சட்டை வாடையா உடம்பு வாடையா என்று தெரியவில்லை.

"நாயை அனுப்பிடறேன்," என்றார். "கதவு போனா போகுது, காசு போனா போகுது. நாளைக்கே அனுப்பிடறேன்."

"நாளைக்குன்னு வேணாம். சட்டையைக் கழட்டுங்க."

கொட்டகை ஆணியில் இருந்த சட்டைகளையும் விடவில்லை. அவர் நாயைப் பிடித்துக்கொள்ள, அவள் உள்ளே போய் எல்லாவற்றையும் வாரிக் கட்டினாள். கேட்டைத் தாண்டியதும் அவர் போட்டிருந்ததையும் கழற்ற வைத்து, பனியனோடு அவரை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெந்நீரில் சோப்பைக் கரைத்துச் சட்டைகளை ஊறப் போட்டு, கல்லில் அடித்து, மறுபடி ஊறப் போட்டு அடித்தாள். புகையிலைச் சாயம் பழுப்பாக ஓடியது. அவரையும் விடவில்லை. பீர்க்கம் நார் போட்டு முதுகுத் தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தாள். அவர் "மெதுவாடி!" என்று கத்தினார். அவள் தேய்ப்பதை நிறுத்தி அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க சொந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள். "நாய் பல்லைக் காட்டும். விரட்டும். காட்டட்டும். அது எசமான் இங்க இல்லைன்னு அதுக்குத் தெரியட்டும். அப்புறம் நாய்க்காரன் கூண்டைக் கொண்டு வந்து எப்படியாவது ஏத்திட்டுப் போவான். நான் அவனைக் கையோட கூட்டிட்டு வர்றேன்."

காலையில் சின்னவர் கிளம்பினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. சோப்பு வாடை தூக்கலாக அடித்தது. பழைய மாதிரி விசுக் விசுக்கென்று நடந்தார். நடக்க நடக்க நம்பிக்கை வந்தது. வழியில் டயர்க்கடைக்காரனிடம் வேண்டுமென்றே வம்பிழுத்து நாலு வார்த்தை திட்டினார். அவன் சிரித்தான். "என்ன சின்னவரே, பழையபடி ஆயிட்டீங்க!" என்றான். அதைக் கேட்டது தேன் குடித்த மாதிரி இருந்தது.

கேட்டைத் திறந்தார். ஆணி இன்னும் வரவில்லை. கதவுகள் எல்லாம் சாய்ந்து நின்றன. நாய் கொட்டகை வாசலில் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது.

"டேய்! போடா வெளியே!" என்று இருமாமல், கொள்ளாமல், தன் சொந்தக் குரலில் அதட்டினார். கையில் ஒரு கட்டையை வைத்திருந்தார். கடிக்க வந்தால் மதிலோரம் ஓடிவிடத் தயாராக நின்றார்.

நாய் எழுந்து வந்தது. அவசரமில்லாமல் வந்தது. சோப்பு வாடை அடிக்கிற சட்டையை மோந்தது. கையை மோந்தது. பல்லைக் காட்டவில்லை. ஒரு சந்தேகமும் இல்லாமல் இடது பக்கம் போய் முழங்காலில் தலையைச் சாய்த்தது.

"போ!" என்றார் சின்னவர். "நான் இல்லைடா. நான் அவன் இல்லை. போ!"

நாய் அவர் முகத்தைப் பொறுமையாகப் பார்த்தது. கோபத்தில் இருக்கிற வீட்டுப் பெரியவரைப் பார்க்கிற பார்வை. அவர் வேகமாக நடந்து பார்த்தார். அது நிற்கவில்லை, வேகமாகவே கூட வந்தது. கட்டையை ஓங்கினார். ஓங்கின கைக்குக் கீழேயே உட்கார்ந்தது. கட்டை கையிலிருந்து விழுந்தது.

போ என்று சொன்னால் போக வேண்டும் என்றுதானே நாய்க்காரர் சொன்னார். எசமான் சொன்னால் போகும். சொல்லியாகிவிட்டது. போகவில்லை. அப்படியானால் போ என்று சொன்னது எசமான் இல்லை. சொன்ன ஆளைத் தவிர இந்தச் சட்டைக்குள் இன்னொரு ஆள் இருக்கிறார், நாய் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறது. அவர் போகச் சொல்லவில்லை. அவருக்கு நாயைப் பிடித்திருக்கிறது.

நாய் எழுந்து முதல் வரிசைக்குப் போனது. முதல் கதவு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தது. காலை நேரம்தான். சுற்றுக்கு இது நேரமில்லை. ஆனாலும் நேற்று சாயங்காலச் சுற்று விட்டுப் போயிருந்ததே. அவள் வந்து இழுத்துக்கொண்டு போனதில் விட்டுப் போயிருந்தது. ஒரு நாள் கூட அப்படி விட்டதில்லை.

அவர் கை உயர்ந்தது. ரெண்டு தட்டு. டங்கென்று பேசியது. நல்ல மரம்.

அடுத்தது. அடுத்தது. கால் கொஞ்சம் இழுத்தது, முட்டி வலி. பாதி வரிசை தாண்டியபோது மனசு லேசாகிவிட்டது. என்னவோ ஒரு பெரிய இரைச்சல் இத்தனை நேரம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்து இப்போது நின்ற மாதிரி. கதவுகள் மட்டும் ஒவ்வொன்றாகப் பேசின.

கேட்டில் சத்தம் கேட்டது. வேன் ஒன்று நின்றுகொண்டிருந்தது, பின்னால் கூண்டு. வேன் பக்கத்தில் ஒரு மெலிந்த ஆள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை.

"என்னங்க! என்ன ஆச்சு? விரட்டுச்சா? கடிச்சிடலையே?"

நாய் போய் அவளுக்கும் இவருக்கும் நடுவில் நின்றது. அவர் சுற்றை நிறுத்தவில்லை. அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். தம்பி பொண்டாட்டி. பாவம், இந்த வெயிலில் வந்திருக்கிறாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தியே தவிர நல்ல பெண். முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று தெரியவில்லை.

அவர் ஒரு இருமல் இருமினார்.

"ஏம்மா வெயில்ல நிக்கறே?" என்றார். "தம்பி வரலையா?"

அவள் கேட் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற மெலிந்த ஆள் மெல்லப் பின்னால் நகர்ந்து வேனுக்குள் ஏறிக்கொண்டார்.

"வந்தா அவன்கிட்ட சொல்லும்மா," என்றார் அவர், நாயின் தலையில் கையை வைத்து. "நாய்க்கு ரொம்பக் குடுத்துட்டோமோன்னு மனசைப் போட்டு உழப்பிக்குவான் அவன். அப்படியெல்லாம் இல்லேன்னு சொல்லு. நல்ல நாய்தான். குடுத்த விலைக்குத் தகும்."

சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குள் போனார். கதவுகளுக்கு நடுவிலிருந்து ரெண்டு தட்டு, ஒரு இடைவெளி, ரெண்டு தட்டு என்று சத்தம் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது. அவள் கேட்டை விட்டு நகரவில்லை.